குட்டி போட்ட மாத்திரை

கேமரா முன்னால் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதனால் அஞ்சலாட்சி அரக்குக் கலர் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். காலில் கட்டு, கையில் சர்க்கரை ரிப்போர்ட், தலையில் நான் காலையிலேயே பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்த மல்லிகை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எந்த மண்டபம் சார்?" என்று என்னைக் கேட்டார்.

"மண்டபம் இல்லப்பா, ஆராய்ச்சி. எம்மேலதான் பண்றாங்க" என்றாள் அவள்.

அவள் என் மனைவி. போன ஐப்பசியோடு வீட்டில் தையல் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அதற்கும் நான் சொல்லப்போவதற்கும் சம்பந்தமில்லை. அது நெஞ்சு செய்த வேலை. இது கால் விவகாரம். நடந்தது அதற்குச் சில வருடங்கள் முன்னால்.

பாண்டிச்சேரியில், சாரம் பக்கம் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. ஜாக்கெட் தைப்பாள். ஒரு நாள் ஊசி உடைந்து தரையில் விழுந்ததை அவள் பார்க்கவில்லை. அதன்மேல் கால் வைத்ததும் அவளுக்குத் தெரியவில்லை. சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போயிருந்தது. டைல்ஸில் அங்கங்கே சிவப்பாகப் பொட்டு வைத்ததுபோல் இருக்கிறதே என்று துடைத்துக்கொண்டே போனவள், கடைசியில்தான் அது தன் வலது காலிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தாள். கட்டைவிரலுக்கு அடியில் புண். தெருக்கோடி கிளினிக்கில் கேப்சூல் கொடுத்தார்கள். கேப்சூல் தீர்ந்தது, புண் தீரவில்லை. விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டு நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பே வராத மனிதர். "ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தாச்சு, கேட்கல. இனிமே கொடுக்கறதும் கேட்கலைன்னா கட்டைவிரலோட முன்பாதத்தை எடுத்துடலாம். விட்டா மேல ஏறிடும்" என்றார்.

அஞ்சலாட்சி எழுந்துவிட்டாள். வெளியே வந்து என்னிடம், "இந்தக் கால் இல்லன்னா மெஷின எத வச்சி மிதிப்பேன்?" என்றாள். மோட்டார் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

சர்ஜன்தான் டாக்டர் சரிதாவிடம் அனுப்பினார். இப்படிப்பட்ட புண்களுக்கு ஒரு புது ஆன்டிபயாடிக் வந்திருக்கிறது, அதைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வை அந்த அம்மா நடத்திக்கொண்டிருந்தார். எலிகளுக்குக் கொடுத்து, நல்ல உடம்புக்காரர்களுக்குக் கொடுத்து, ஆபத்து இல்லை என்று பார்த்தாகிவிட்டது. இப்போது நிஜ நோயாளிகளில் பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு வழக்கமான பழைய மருந்து கொடுத்து, எது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறோம் என்றார்.

"எலிக்கு சர்க்கரை இருந்திச்சா மேடம்?" என்றாள் அஞ்சலாட்சி.

"சில எலிங்களுக்கு வர வச்சோம்."

"பாவம்" என்றாள். எலியைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று தெரியவில்லை.

கேமராவில் பதிவு செய்தது எதற்கென்றால், எல்லாம் புரிந்துதான் சம்மதிக்கிறோம் என்று நம் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். மாலா என்கிற நர்ஸ்தான் கேமராவைப் பிடித்தது. ஆய்வில் சேர்கிறவர்களுக்கு மருந்து கொடுப்பது, தேதி சொல்வது, போன் போட்டுக் கூப்பிடுவது எல்லாம் மாலாதான். மூச்சு விடாமல் பேசக்கூடிய பெண்.

"அக்கா, உங்களுக்குக் கிடைக்கறது புது மருந்தா, பழைய மருந்தான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. புரிஞ்சுதா?"

"டாக்டருக்கே தெரியாதா? அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்குத் தெரியும்."

"அத இப்பிடி வரச் சொல்லு. நானே கேட்டுக்கறேன்."

மாலா கேமராவை நிறுத்தி, சிரித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது தடவை அஞ்சலாட்சி ஒழுங்காகவே பேசினாள். தன் பெயர், ஊர், தனக்குச் சம்மதம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதும் தெரியும். கடைசியில் கேமராவை நேராகப் பார்த்து, "சாரத்துல ஜாக்கெட் தைக்கறேன். அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்தா போதும், சொன்ன தேதிக்குக் குடுத்துடுவேன்" என்று சேர்த்துக்கொண்டாள். அந்த விளம்பரம் இன்னமும் எங்கேயோ ஒரு மருந்துக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும்.

புண்ணின் அடியிலிருந்து கொஞ்சம் சதையைச் சுரண்டி லேபுக்கு அனுப்பினார்கள். கிருமி என்னவென்று பார்த்து, அது இரண்டு மருந்துக்கும் சாகிற கிருமிதான் என்று தெரிந்த பிறகுதான் சேர்த்துக்கொள்வார்கள். ரிசல்ட் வந்தபோது டாக்டர் சரிதா அதை இரண்டு தடவை படித்தார். "அந்த கிளினிக் மருந்துக்கும் இது நல்லாத்தான் சாகுது. உங்க கால்ல மட்டும் ஏன் கேட்கலைன்னு தெரியல" என்று முனகினார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர்கள் முனகுவது வழக்கம்தானே.

ஆய்வில் சேர்ந்த இன்னொருவரைக் கேமரா நாளன்றே வெளியே பெஞ்சில் சந்தித்திருந்தோம். அமலநாதன். ஒரு பிரெஞ்சுப் பேராசிரியருக்கு ரொம்பக் காலம் கார் ஓட்டியவர். இடது காலில் இரண்டு விரல் ஏற்கெனவே போய்விட்டது. இப்போது வலது காலில் புண். உட்கார்ந்த உடனே அஞ்சலாட்சியைத் 'தங்கச்சி' ஆக்கிக்கொண்டார். அந்தக் கணக்கில் நான் மச்சான் ஆகிவிட்டேன்.

"மச்சான், உங்க வீட்டம்மா பட்டு கட்டிகிட்டு வந்திருக்காங்க. நானும் கோட்டு போட்டுகிட்டு வந்திருக்கலாம். கேமராவுல எம் மொகம் சிகப்பாத் தெரியுமா?"

"உங்க மொகமா? லைட்ட அணைச்சாத் தெரியும் அண்ணே" என்றாள் இவள்.

"மெர்சி, தங்கச்சி!" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் குனிந்து வணக்கம் வைத்தார் அவர்.

ரிசல்ட் வந்த அன்று மாலா ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தாள். இருவருக்கும் ஒரே மாதிரி பாட்டில், உள்ளே ஒரே மாதிரி சந்தனக் கலர் கேப்சூல். நல்ல பெரிய கேப்சூல். முதல் கேப்சூலை அவள் கண்ணெதிரேயே விழுங்க வேண்டும். அஞ்சலாட்சி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து, கண்ணில் நீர் வர, ஒரு வழியாக இறக்கினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தட்டாஞ்சாவடியில் சோப்பு கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர், அன்று லீவு. வார நாளாக இருந்திருந்தால் இதை நான் பார்த்திருக்கவே மாட்டேன். இட்லி சாப்பிட்டுவிட்டு முன்னறைக்கு வந்தால், அஞ்சலாட்சி கட்டை அவிழ்த்து, காலை முக்காலிமேல் நீட்டி, கீழே பழைய பேப்பர் விரித்து, கையில் கேப்சூலை வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற அஞ்சலா?"

"மருந்து போடறேன்."

"எங்க போடற?"

"புண்ணுலதான். வேற எங்க போடுவாங்க?"

நான் பதில் சொல்லுவதற்குள் கேப்சூல் இரண்டாகக் கழன்றது. உள்ளிருந்து பவுடர் கொட்டவில்லை. டொக்கென்று பேப்பர்மேல் இன்னொரு கேப்சூல் விழுந்தது. சின்னது.

அஞ்சலாட்சி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏங்க, இது குட்டி போட்டிருக்குங்க!" என்றாள்.

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள். சின்ன கேப்சூலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"இது மயில்கழுத்துங்க."

"இன்னாது?"

"மயில்கழுத்துக் கலர். அந்த கிளினிக்காரு குடுத்தாரே, அதே மாத்திரை. கலர்ல நான் தப்பு பண்ண மாட்டேன். எனக்குப் பழைய மருந்தத்தான் குடுத்திருக்காங்க."

இரண்டு மருந்தும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பழைய மருந்தின் கேப்சூலை அப்படியே பெரிய கேப்சூலுக்குள் ஒளித்திருக்கிறார்கள். மேலே எழுதியிருப்பதைப் பார்க்காமல், உள்ளே இருப்பதை ருசிக்காமல், எல்லோரும் ஒரே மாதிரி விழுங்கிவிடுவார்கள் என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் புண் என்று வந்தால் கேப்சூலை உடைத்துத் தூவுகிற ஜனம் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு வேறு ஒன்று உறைத்தது. "அஞ்சலா, போன தடவ அந்த கிளினிக் மாத்திரையையும் இப்பிடித்தான் பண்ணியா?"

"பின்ன? முழுங்கினா நெஞ்செரியுது. புண்ணு கால்ல இருக்குது, வயித்துல போட்டு இன்னாத்துக்கு ஆவறது?"

"ஒண்ணுகூட முழுங்கலியா?"

"மொதல் நாளு ஒண்ணு முழுங்கினேன். ராவெல்லாம் எரிஞ்சுது. அப்புறம் வேளா வேளைக்குப் போட்டுகினுதான் இருந்தேன். ஒரு வேள தப்பல."

"போட்டியா, சாப்ட்டியான்னு கேக்கறேன்!"

"உங்க அக்கா புள்ள சைக்கிள்லேர்ந்து உழுந்து முட்டி சிராய்ச்சப்ப நீங்கதான் சேப்பு கேப்சூல ஒடச்சிப் போட்டீங்க. அது ஆறல? அப்ப எங்க போச்சி இந்த வாத்தியார் வேல?"

அது நிஜம்தான். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

சின்ன கேப்சூலை விழுங்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். "இது கேக்காத மருந்து. சர்ஜன் இன்னா சொன்னாரு? இனிமே குடுக்கறதும் கேக்கலன்னா காலு போச்சின்னாரா இல்லியா? இவுங்க கேக்காததையே திருப்பிக் குடுத்தா? அப்ப காலு போனதுதானே?" பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று குரல் உடைந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது குறைவு. அழும்போதும் கை சும்மா இருக்கவில்லை. பேப்பரை நாலாக மடித்துக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றேன். சொன்னால் ஆய்விலிருந்து துரத்திவிடுவார்கள், நேரே சர்ஜன் மேஜைக்குத்தான் போக வேண்டும் என்றாள். அவள் மனசில் வேறு திட்டம் இருந்தது. அது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

திங்களன்று காலைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். பெஞ்சில் அமலநாதன் முன்பே உட்கார்ந்திருந்தார். அஞ்சலாட்சி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, உங்க பாட்டில்லேர்ந்து ஒண்ண எடுத்து ஒடைங்க" என்றாள்.

"எதுக்கு தங்கச்சி?"

"ஒடைங்கண்ணே. சொல்றேன்."

அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒரு கேப்சூலைத் திருகினார். உள்ளங்கையில் வெள்ளைப் பவுடர் கொட்டியது. அவ்வளவுதான். உள்ளே வேறு எதுவும் இல்லை.

அஞ்சலாட்சி முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் மயில்கழுத்தை எடுத்துக் காட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். அமலநாதன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எனக்குத்தான் புதுசா?"

"உங்களுக்குத்தாண்ணே."

"அட! எனக்கு லாட்டரியில கூட விழுந்ததில்ல" என்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கையில் இருந்த பவுடரைத் தட்டிவிட்டு, பாட்டிலை அவள் பக்கம் நீட்டினார். "இந்தா. ஆளுக்குப் பாதி. உன்னுதுல பாதி எனக்கு, என்னுதுல பாதி உனக்கு. கம்ப்யூட்டர் கேட்டா நான் பேசிக்கறேன்."

இதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் கை பாட்டில்மேல் போய்விட்டது. விரல்கள் அதைச் சுற்றிப் பிடித்தும் விட்டன. நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

அவள் குனிந்து அவருடைய இடது செருப்பைப் பார்த்தாள். முன்பக்கம் விரல் இல்லாத இடத்தில் துணி அடைத்திருந்தது.

"வாணாண்ணே. இருக்கற காலயும் உங்ககிட்ட புடுங்கிகினு நான் எங்க நடக்கப் போறேன்?" பாட்டிலை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சின்ன கேப்சூலை மேஜைமேல் வைத்தாள். "மாலா, உன் மாத்திரை குட்டி போட்டிருக்கு."

மூச்சு விடாமல் பேசுகிற மாலா நேரே டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் சரிதா வந்தார். முதலில் கோபம்தான். யாருக்கு எது என்று தெரிந்துவிட்டால் ஆய்வின் அஸ்திவாரமே போய்விடும், தெரியுமா என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, "எதுக்கு உடைச்சீங்க?" என்றார்.

"புண்ணுல போட."

"போன தடவையும்?"

"போன தடவையும்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அதான்! லேபுல சாகுது, கால்ல சாகல. நான் லேபை ரெண்டு தடவ திட்டிட்டேன், பாவம்" என்றார். பிறகு எழுந்து, "வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அமலநாதனும் கூப்பிடாமலேயே நொண்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

லேப் என்றால் புகை வரும் குழாய்கள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு ஏசி அறை, ஒரு பெரிய அலமாரி, அவ்வளவுதான். டாக்டர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் ஜெல்லி மாதிரி ஒன்று; அதன்மேல் வெள்ளையாகப் படலம். அங்கங்கே பொட்டு மாதிரி வட்டமாகக் காகிதத் துண்டுகள்.

"இந்த வெள்ளை எல்லாம் உங்க கால்ல இருந்த கிருமி. இதுல வளர்த்திருக்கோம்."

"என்னுதா?" என்று அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தாள். "நல்லா ஊத்தின தோச மாதிரி வந்திருக்கே."

"ஒவ்வொரு பொட்டுலயும் ஒரு மருந்து இருக்கு. இந்தப் பொட்டைச் சுத்திப் பாருங்க."

அந்தப் பொட்டைச் சுற்றி வட்டமாக, துடைத்துவிட்டதுபோல் ஒன்றும் இல்லை. கிருமி கிட்டே வரவே பயந்து ஒதுங்கி நிற்பதுபோல் இருந்தது.

"அதுதான் உங்க மயில்கழுத்து மருந்து. பக்கத்துல வர்ற கிருமி எல்லாம் செத்துப்போச்சு."

அஞ்சலாட்சி தட்டை உற்றுப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா மேடம்! நீங்களும் மேலதானே போட்டிருக்கீங்க! நான் பண்ணா மட்டும் தப்பா?"

அமலநாதன், "தங்கச்சி கேக்கறது நாயந்தானே மதாம்" என்றார். லேபில் வேலை செய்துகொண்டிருந்த பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. பிறகு டாக்டரும் சிரித்துவிட்டார்.

"உட்காருங்க" என்றார். கையுறை போட்டுக்கொண்டு அவள் கட்டை அங்கேயே அவிழ்த்தார். புண்ணின்மேல் பழைய கிளினிக் பவுடர் காய்ந்து ஏடு கட்டியிருந்தது. சுத்தமாக, ஆறிப்போனது மாதிரியே இருந்தது. சின்ன இடுக்கியால் அதன் ஓரத்தைத் தூக்கினார். அடியில் இருந்து சீழ் வந்தது. வாடையில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அஞ்சலாட்சி திருப்பவில்லை. வலியே இல்லாததால் யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டுல கிருமி தரையில படுத்திருக்கு, ஒளிய இடம் இல்ல. அதனால மேல வெச்சாலே போதும். உங்க கால்ல அது நிலவறைக்குள்ள உட்கார்ந்திருக்கு, எலும்புக்குப் பக்கத்துல. நீங்க மேல தூவினதெல்லாம் அதுக்குக் கூரை போட்டுக் கொடுத்த மாதிரி. அங்க போகணும்னா ரத்தத்தோடதான் போகணும். ரத்தத்துக்குப் போகணும்னா வயித்து வழியாத்தான் போகணும்."

அவள் குனிந்து புண்ணை இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

"இந்த மருந்து உங்க கால்ல தோத்துப்போகலம்மா. இன்னும் வந்தே சேரல" என்றார் டாக்டர்.

"நான் வெளியிலேர்ந்து கோலம் போட்டுகினு இருந்திருக்கேன்" என்றாள். பிறகு, "நெஞ்செரியுமே" என்றாள், சின்னக் குரலில்.

"சாப்பிட்ட உடனே போடுங்க, தண்ணி நிறைய குடிங்க, உடனே படுக்காதீங்க. எரியறதுக்கும் ஒண்ணு எழுதித் தரேன்."

ஆய்வில் அவள் இனி இருக்க முடியாது, மருந்துக் கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும், ஆனால் சிகிச்சை நிற்காது என்று டாக்டர் விளக்கினார். அதே பழைய மருந்தை, பெரிய கேப்சூல் மூடாமல், அதன் சொந்த நிறத்திலேயே தருவார்கள். கொஞ்ச நாள் கழித்து சர்ஜன் பார்த்து முடிவு செய்வார். அமலநாதனின் மருந்தையும் நிறுத்தவில்லை. அவருக்கும் எது என்று தெரிந்துவிட்டதால் அவர் கணக்கை மட்டும் தனியாக வைத்துக்கொண்டார்கள். ஆய்விலிருந்து விலக்கியதில் அஞ்சலாட்சிக்குக் கொஞ்சம் மனக்குறை. "பட்டு கட்டிகினு போனது வீணாப்போச்சி" என்றாள் ஆட்டோவில்.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. அவள் விழுங்குகிறாள் என்று நான் எப்படி நம்புவது? "நம்பலன்னா பாத்துக்குங்க" என்று வேலை நேரத்தில் வீடியோ கால் போட ஆரம்பித்தாள். சோப்பு மூட்டைகளுக்கு நடுவில் போன் அடிக்கும். எடுத்தால் திரை முழுக்க அவள் நாக்கு. "ஆ! பாத்தாச்சா? நாக்குக்குக் கீழ? கன்னத்துல? போதுமா?" லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாம் கூடிவிடுவார்கள். "தனகோட்டிண்ணே, அண்ணி போன்!" என்று தூரத்திலிருந்தே கத்துவார்கள். சூப்பர்வைசர் ஒரு நாள் திரையைப் பார்த்துவிட்டு, "யாருய்யா அது, பல் டாக்டர்கிட்ட போக வேண்டியவங்க உனக்குப் போன் பண்றாங்களா?" என்று கேட்டார். அதை அவளிடம் சொன்னேன். அவர் வீட்டம்மாவுக்கு அடுத்துத் தைத்த ஜாக்கெட்டில் கையை ஒரு சுற்று இறுக்கிவிட்டாள்.

நெஞ்சு எரிந்தது. எரியும்போதெல்லாம் டாக்டர் சரிதாவைத் திட்டிக்கொண்டே முன்னறைக்கும் சமையலறைக்கும் குதிகாலால் நடந்தாள். ஆனால் உடைக்கவில்லை. பயம் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு நாள் நான் வரும்போது மெஷின் முன்னால் உட்கார்ந்து, வலது காலை மடக்கி வைத்துக்கொண்டு, இடது காலால் மட்டும் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஆயில் போட்டுப் பாத்தேன்" என்றாள்.

சர்ஜன் குறித்த நாள் வந்தது. அன்று பட்டு இல்லை, பூ இல்லை. அவர் கட்டை அவிழ்த்தார், அழுத்தினார், மோந்து பார்த்தார், எக்ஸ்ரேயை மாட்டிப் பார்த்தார். திரும்ப வந்து அழுத்தினார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன மாதம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

"வீக்கம் வடிஞ்சிருக்கு. எலும்பு நல்லா இருக்கு. கத்தி வேண்டாம். செத்த தோலை மட்டும் எடுத்துவிடறேன்" என்றார்.

"நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க சார். அப்புறம் மாத்தக் கூடாது" என்றாள் அஞ்சலாட்சி.

அந்த மனிதர் அன்று சிரித்தார். சிரித்தால் நன்றாகத்தான் இருந்தார்.

முழுக்க ஆறுவதற்கு மாதக் கணக்கானது. அமலநாதனுக்கும் ஆறியது, விரல் எதுவும் போகவில்லை. புது மருந்து உசத்தியா, பழசு உசத்தியா என்று இந்த இரண்டு பேர் கால்களை வைத்து யாரும் சொல்ல முடியாது; அது பல ஊர்க் கால்களைக் கூட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டிய கணக்கு என்று டாக்டர் சரிதா சொன்னார். கம்பெனியிலிருந்து பெங்களூர்க்காரர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் பாட்டில்களில் புதிதாக ஒரு படம் ஒட்டி வந்ததாம்: இரண்டு கை ஒரு கேப்சூலைத் திருகுகிறது, மேலே சிவப்பில் பெருக்கல் குறி. மாலா ஒரு காலி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். ஜாக்கெட் அளவு எடுக்க வருகிற எல்லோரிடமும் அஞ்சலாட்சி அதைக் காட்டி, "இது என் கைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவள் மெஷின் மிதித்த வருடங்களில் நாங்கள் சண்டை போட்டோம், கடற்கரைக்கு நடந்தோம், பல்லி விழுந்த சாம்பாரைக் கொட்டினோம், எல்லாம் செய்தோம். ஐப்பசியில் ஒரு விடியற்காலை, காபி ஆறிக்கொண்டிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

முன்னறையில்தான் கிடத்தியிருந்தோம். மெஷினை ஓரமாக நகர்த்தினார்கள். அவளுடைய அக்கா கமலா வெள்ளைத் துணியில் ஒரு நாடா கிழித்து, "கால் கட்டைவிரல் ரெண்டயும் சேத்துக் கட்டணும். புடிங்க" என்றாள். நான் பிடித்துக்கொண்டேன். இடதையும் வலதையும் ஒட்ட வைத்து, சுற்றி, முடிச்சுப் போட்டாள். வலது விரலுக்கு அடியில் தழும்பு வழுவழுவென்று இருந்தது. அந்த முடிச்சைவிட்டு எனக்குக் கையை எடுக்க வரவில்லை.

அமலநாதன் மாலையோடு வந்தார். எல்லோரும் தலைமாட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மட்டும் கால்மாட்டில் நின்றார். சிலுவை போட்டுக்கொண்டார். குனிந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டாக்டர் மாதிரி அந்தக் காலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா ஆறியிருக்கு மச்சான்" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.